சிவப்புப் பேனை வெட்டிய ‘மீ’

பதிலளிப்பவர்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரிய ஆலோசகர், திருகோணமலை

வந்த கடிதம், சுருக்கமாக

உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தரம் 11இல் படிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள். தவணைப் பரீட்சையில் குடும்பத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், தன்னைவிடத் தம்பி உயரம் என்பதை ‘மை பிரதர் இஸ் டோலர் தான் மீ’ என்று எழுதியிருக்கிறாள். பாட ஆசிரியை ‘மீ’யைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே ‘ஐ’ என்று எழுதி, புள்ளியையும் குறைத்திருக்கிறார். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லும் தந்தைக்கு இது பொறுக்கவில்லை. வருசக்கணக்காக வெள்ளைக்காரரோடு பழகியும் ஒருவர்கூட ‘தான் ஐ’ என்று சொல்லித் தான் கேட்டதில்லை என்பது அவருடைய வாதம். நகரத்தில் ரியூசன் நடத்தும் சேரோ ‘தான் ஐ’ மட்டுமே சரி, மற்றது படியாதவர் பேச்சு என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். இதற்குப் பிறகு பிள்ளை எங்கும் ‘ஐ’ போடத் தொடங்கிவிட்டாள். பின்னர் வகுப்பில் எழுதிய இன்னொரு கட்டுரையில் ‘மை கிராண்ட்மதர் லவ்ஸ் மை பிரதர் மோர் தான் ஐ’ என்று எழுத, ஆசிரியை அதற்குச் சரி போட்டிருக்கிறார். வெளிநாட்டிலுள்ள மச்சாளோடு தொலைபேசியில் கதைக்கும்போது ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று சொல்லப்போய், அந்தப் பிள்ளை சிரித்துவிட, இப்போது அவளோடு ஆங்கிலத்தில் கதைக்கவே மாட்டேன் என்கிறாள். எது சரி, குறைத்த புள்ளிக்காக வலயக் கல்வி அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாமா, ரியூசனை மாற்ற வேண்டுமா என்று தாய் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை ஒருமுறை வாசித்தேன். அதனோடு இணைத்திருந்த கொப்பிப் பக்கத்தின் பிரதியைப் பலமுறை பார்த்தேன். கடிதம் முழுவதும் வெட்டப்பட்ட வாக்கியத்தைப் பற்றியே இருக்கிறது. அதில் மகள் பிழை விடவில்லை. சரி போடப்பட்ட வாக்கியத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. திருத்தப்பட வேண்டியிருந்தது உண்மையில் அதுதான். ஆகவே இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அதன் பின்னர் முறைப்பாட்டுக்கு வருகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருவதால், மேற்கோள் குறிக்குள் வரும் ‘தான்’ என்பதை ஆங்கில ஒப்பீட்டுச் சொல்லாகவும், ‘ஐ’ என்பதை ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதற்குரிய சொல்லாகவும் கொண்டு வாசியுங்கள்.

வெட்டப்பட்ட வாக்கியம்

ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாயாக வரும்போது ‘ஐ’. செயப்படுபொருளாக வந்தாலும், ‘வித்’, ‘ஃபோர்’ போன்ற முன்னிடைச்சொற்களை அடுத்து வந்தாலும் ‘மீ’. ‘ஹீ – ஹிம்’, ‘ஷீ – ஹேர்’, ‘வீ – அஸ்’, ‘தே – தெம்’ என்னும் சோடிகளும் இப்படியே நடக்கும். இவ்வளவும் மகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது அந்தக் கொப்பிப் பக்கத்திலேயே தெரிகிறது. சிக்கல் வருவது, ‘தான்’ என்னும் சொல்லை எந்த இனத்தில் சேர்ப்பது என்ற இடத்தில்தான்.

அதை இணைப்புச்சொல் என்று கொள்பவர்கள், அதற்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும் என்பார்கள். ‘டோலர் தான் ஐ ஆம்’ என்பதே முழு வடிவம். அதில் ‘ஆம்’ என்ற வினை தொக்கு நிற்கிறது. வினை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் எழுவாய் எழுவாயே என்பதால் ‘ஐ’ என்றுதான் எழுத வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். தமிழ் இலக்கணத்தில் தொகைநிலைத் தொடரைப் படித்த எவருக்கும் இந்த நியாயம் உடனே விளங்கும். மற்றத் தரப்பினர், பின்னால் வினை எதுவும் வராமல் ஒரு பெயரோ பிரதிப்பெயரோ தனித்து நிற்கும்போது ‘தான்’ ஒரு முன்னிடைச்சொல்லாகவே தொழிற்படுகிறது என்பார்கள். ‘வித் மீ’, ‘ஃபோர் மீ’ என்பது போல ‘தான் மீ’.

ஆசிரியையும் ரியூசன் சேரும் நிற்கும் முதலாவது தரப்பு நேற்று முளைத்ததன்று. பின்னாளில் லண்டன் ஆயரான ரொபேட் லோத் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணச் சிறுநூலிலேயே, தொக்கு நிற்கும் சொல்லை வருவித்துப் பார்த்து ‘தான்’ என்பதற்குப் பின்வரும் பிரதிப்பெயரின் வேற்றுமையைத் தீர்மானிக்க வேண்டும் என்ற விதி தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த விதிக்கு மாறாக எழுதியதற்காகப் பேரெழுத்தாளரான ஜொனதன் ஸ்விஃப்டையே அவர் விட்டுவைக்கவில்லை. அந்நூல் பின்வந்த பள்ளிக்கூட இலக்கணங்களுக்கு முன்மாதிரியாயிற்று. நமது நாட்டுப் பாடசாலைகளுக்கு ஆங்கிலம் வந்து சேர்ந்ததும் அந்தப் பள்ளிக்கூட இலக்கணத்தோடுதான். எனவே ஆசிரியை தம் விருப்பத்துக்கு ஒரு விதியை உண்டாக்கினார் என்று நினைத்துவிட வேண்டாம். தமக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் நேர்மையாகக் கற்பிக்கிறார்.

ஆனால், விதி எழுதப்படுவதற்கு முன்பே வழக்கு இருந்தது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் நீதிமொழிகள் 27ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்தைப் பாருங்கள். கல்லும் மணலும் பாரம், மூடனுடைய கோபமோ அவை இரண்டிலும் பாரம் என்று சொல்லும் இடம். அங்கே ‘ஹெவியர் தான் தெம் போத்’ என்றுதான் இருக்கிறது. ‘தே போத்’ என்றில்லை. மன்னரின் ஆணையில் அறிஞர்கள் கூடியிருந்து மொழிபெயர்த்த நூலின் நடையைப் படியாதவர் பேச்சு என்று தள்ளிவிட முடியுமா? லோத்தும்கூட ‘தான் ஹூம்’ என்ற தொடருக்கு வந்தபோது தமது விதியைத் தளர்த்தி, அங்கு ‘ஹூ’ வராது, ‘ஹூம்’ என்றே வரும் என்று ஒப்புக்கொண்டார். ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட காவியத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார். அதை மாற்றி வாசித்தால் காது ஏற்காது. விதி செய்தவரே விலக்கும் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே, அந்த விதி எல்லா இடத்துக்கும் முழுதாகப் பொருந்தவில்லை என்பதற்குச் சாட்சி. 2002இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், ‘தான்’ என்பதை முன்னிடைச்சொல் வகையிலேயே சேர்த்திருக்கிறது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: ‘டோலர் தான் மீ’ சரியான ஆங்கிலம், ‘டோலர் தான் ஐ’ என்பதும் சரியான ஆங்கிலம். முதலாவது பேச்சிலும் இயல்பான எழுத்திலும் எங்கும் வழங்குவது. இரண்டாவது மிக முறைசார்ந்தது. இன்றைய காதுக்குச் சற்று விறைப்பாகப் படுவது. எந்த இலக்கணக் கேள்விக்கும் ஒரேயொரு விடைதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் கடிதம் நெடுகத் தெரிகிறது. பல கேள்விகளுக்கு அது பொருந்தும். இந்தக் கேள்விக்குப் பொருந்தாது.

உங்கள் கணவர் காதால் கேட்டதும் பொய்யன்று. ஆனாலும் அவருடைய வாதத்தை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அதே படகில் அதே பயணிகள் ‘மீ அண்ட் மை வைஃப் வென்ட்’ என்றும் சொல்லுவார்கள். அதைப் பரீட்சைத் தாளில் எழுதினால் எந்த ஆசிரியரும் வெட்டுவார், வெட்டுவதும் நியாயம். வெள்ளைக்காரர் சொன்னார் என்பது பேச்சு வழக்குக்குச் சான்றாகும்; எழுத்து வழக்குக்கு அது மட்டும் போதாது. ‘தான் மீ’ சரி என்று நான் சொல்வது, அது நல்ல எழுத்திலும் நெடுங்காலமாக வழங்குவதால்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ‘என்னைவிட’ என்று தமிழில் இரண்டாம் வேற்றுமை வருவதால்தான் நம் பிள்ளைகள் ‘தான் மீ’ என்று எழுதுகிறார்கள், இது தாய்மொழியின் குறுக்கீடு என்று பயிற்சிப் பட்டறைகளில் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழ் அந்த வழியில் பிள்ளையைத் தள்ளுவது உண்மையாக இருக்கலாம். ஆனால் தமிழே தெரியாதவர்களும் அதே வழியில்தான் நடக்கிறார்கள்.

சரி போடப்பட்ட வாக்கியம்

‘மை கிராண்ட்மதர் லவ்ஸ் மை பிரதர் மோர் தான் ஐ.’ மகள் சொல்ல நினைத்தது என்ன என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இருக்கிறது. ‘அம்மம்மாவுக்கு என்னிலும் பார்க்கத் தம்பியிலதான் விருப்பம்’ என்று அவள் வீட்டில் அடிக்கடி குறைப்படுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறையைத்தான் ஆங்கிலத்தில் எழுத முயன்றிருக்கிறாள். ஆனால் தாளில் இருக்கும் வாக்கியம் அதைச் சொல்லவில்லை. ‘ஐ’ எழுவாய் உருவம். எனவே தொக்கு நிற்கும் வினையை வருவித்தால் ‘மோர் தான் ஐ லவ் மை பிரதர்’ என்றாகும். அதாவது, நான் தம்பியில் வைத்திருக்கும் அன்பிலும் பார்க்க அம்மம்மா அவனில் வைத்திருக்கும் அன்பு பெரிது என்று பொருள். அம்மம்மாவைக் குறைசொல்லப் போன பிள்ளை, அம்மம்மாவைப் புகழ்ந்துவிட்டு, தம்பியில் தனக்கு அவ்வளவு பாசமில்லை என்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

அவள் நினைத்த பொருளுக்குரிய முழு வாக்கியம் ‘மோர் தான் ஷீ லவ்ஸ் மீ’. இங்கே தொக்கு நிற்பது எழுவாயும் வினையும். மிஞ்சி நிற்பது செயப்படுபொருள். ஆகவே லோத்தின் பழைய விதிப்படி பார்த்தாலும் இந்த இடத்தில் ‘மீ’தான் வர வேண்டும். ‘தான்’ வந்தால் பின்னால் ‘ஐ’ என்று அந்த விதி ஒருபோதும் சொன்னதில்லை. தொக்கு நிற்பதை வருவித்துப் பார், அதன்படி எழுது என்றுதான் அது சொன்னது. ஆசிரியையின் திருத்தத்திலிருந்து பிள்ளை கற்றுக்கொண்டது விதியின் பாதியை மட்டும். சேரும் மீதியைச் சொல்லவில்லைப் போலிருக்கிறது.

முதல் வாக்கியத்தில் இந்த ஆபத்து ஏன் இல்லை என்று பாருங்கள். உயரம், வயது, கெட்டித்தனம் முதலியவற்றை ஒப்பிடும்போது அங்கே செயப்படுபொருளுக்கு இடமே இல்லை. ‘தம்பி உயரம்’ என்பதில் யாரை, எதை என்ற கேள்வி எழாது. எனவே ‘மீ’ என்றாலும் ‘ஐ’ என்றாலும் பொருள் ஒன்றுதான். மாறுவது நடை மட்டும். நேசி, விரும்பு, உதவு, நம்பு, அறி, அழை போன்ற வினைகள் வந்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே ஒருவர் செய்கிறார், இன்னொருவருக்குச் செய்கிறார். மூன்றாவதாக ஒப்பிடப்படுபவர் செய்பவரோடு ஒப்பிடப்படுகிறாரா, செய்யப்படுபவரோடு ஒப்பிடப்படுகிறாரா என்பது வாசிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். ‘ஷீ நோஸ் ஹிம் பெட்டர் தான் ஐ’ என்றால், அவனை நான் அறிந்ததைவிட அவள் நன்றாக அறிவாள். ‘ஷீ நோஸ் ஹிம் பெட்டர் தான் மீ’ என்றால், முறைசார்ந்த எழுத்தில் அவள் என்னை அறிந்ததைவிட அவனை நன்றாக அறிவாள் என்று பொருள். பேச்சிலோ இரண்டு பொருளுக்கும் இடமுண்டு. ஒரு வழக்கறிஞரின் கடிதத்திலோ சாட்சி வாக்குமூலத்திலோ இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

‘ஐ’, ‘மீ’ என்று சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் எப்போதும் தப்பிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. ‘யூ’வும் ‘இட்’டும் உருவம் மாறாதவை, பெயர்ச்சொற்களும் மாறாதவை. ‘அம்மம்மா லவ்ஸ் மை பிரதர் மோர் தான் மை சிஸ்டர்’ என்று எழுதினால், தங்கை நேசிக்கிறாளா, நேசிக்கப்படுகிறாளா என்பதைக் காட்டிக்கொடுக்க அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. இதனால்தான் பிரதிப்பெயரைப் பற்றிய சண்டையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன்.

வினையை எழுதிவிடுங்கள்

மகளுக்கு நான் சொல்லும் வழி மிக எளிது: தொக்கு நிற்கும் வினையைத் தொக்க விடாமல் எழுதிவிட வேண்டும். ‘மை பிரதர் இஸ் டோலர் தான் ஐ ஆம்.’ இதை ஆசிரியையும் வெட்டமாட்டார், சேரும் வெட்டமாட்டார், வெள்ளைக்காரரும் சிரிக்கமாட்டார். வினை எழுதப்பட்ட பிறகு ‘ஐ’யா ‘மீ’யா என்ற கேள்வியே எழுவதில்லை, ‘தான் மீ ஆம்’ என்று எவர் வாயிலும் வராது.

எந்த வினையை எழுதுவது என்பதிலும் பெரிய சிரமம் இல்லை. முன்வாக்கியத்தில் ‘இஸ்’, ‘ஆர்’, ‘வோஸ்’ போன்றது இருந்தால் பின்னாலும் அதே இனம்: ‘தான் ஐ ஆம்’, ‘தான் தே வேர்’. ‘கேன்’, ‘வில்’ போன்ற துணைவினை இருந்தால் அதையே திரும்பச் சொல்ல வேண்டும்: ‘ஷீ கேன் ஸ்விம் ஃபாஸ்டர் தான் ஐ கேன்’. இரண்டும் இல்லையென்றால் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’: ‘ஹீ ரன்ஸ் ஃபாஸ்டர் தான் ஐ டூ’, ‘ஷீ வேர்க்ட் ஹாடர் தான் வீ டிட்’. காலம் மாறினால் அதையும் காட்டலாம் என்பது இதிலுள்ள ஒரு வசதி. உங்களைப் பற்றியே மகள் ‘மை மதர் சேய்ஸ் ஐ ஆம் டோலர் நௌ தான் ஷீ வோஸ் அட் மை ஏஜ்’ என்று எழுதலாம். அந்த வாக்கியத்தை ‘தான் ஹேர்’ என்று முடித்தால், அம்மா இப்போது இருக்கும் உயரத்தோடு ஒப்பிட்டதாகிவிடும்.

அம்மம்மா வாக்கியத்துக்கும் இதுவே வழி. குறை சொல்வதானால் ‘மோர் தான் ஷீ லவ்ஸ் மீ’. புகழ்வதானால் ‘மோர் தான் ஐ டூ’. ‘ஏஸ் டோல் ஏஸ்’ என்று சமம் காட்டும் வாக்கியங்களிலும் இதே கதைதான்: ‘ஏஸ் டோல் ஏஸ் மீ’ பேச்சுக்கு, ‘ஏஸ் டோல் ஏஸ் ஐ ஆம்’ எழுத்துக்கு. ஆனால் ‘போத்’, ‘ஓல்’ போன்றவை ஒட்டி வரும்போது ‘தான் அஸ் போத்’, ‘தான் தெம் ஓல்’ என்பதே இயல்பு. அங்கேயும் வினையைத் திணிக்கப் போனால் வாக்கியம் நொண்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் போதாது, பிள்ளைக்கு உதவ முடியவில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு விடயத்தில் உங்கள் தமிழே போதும். மகள் ஓர் ஒப்பீட்டு வாக்கியத்தை எழுதியதும், அதைத் தமிழில் சொல்லச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அம்மம்மா உன்னை நேசிக்கிறதிலும் பார்க்கவா, நீ தம்பியை நேசிக்கிறதிலும் பார்க்கவா?’ அவள் எதைத் தெரிந்தெடுக்கிறாளோ அதை முழுதாக ஆங்கிலத்தில் எழுதட்டும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போயிருப்பீர்கள். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரேயளவாக இருப்பதில்லை. ‘திஸ் வெல் இஸ் ஹொட்டர் தான் தட் வன்’ என்பதில் தொடங்கி, எந்தக் கிணற்றில் யார் கூட நேரம் நின்று குளித்தார், யாருக்கு யார் தண்ணீர் ஊற்றினார் என்று தொடர்ந்து எழுதினால், பொருள் மாறாத ஒப்பீடும் பொருள் மாறும் ஒப்பீடும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

‘ஐ’ போகக்கூடாத இடங்கள்

ஒரு திருத்தம் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டால், ‘ஐ’ மரியாதையான சொல், ‘மீ’ குறைவான சொல் என்று மனதில் பதிந்துவிடும். மச்சாளோடு கதைத்தபோது வந்த ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ அந்தப் பயத்தின் விளைவு. ‘பிட்வீன்’ எவ்விதச் சந்தேகமும் இல்லாத முன்னிடைச்சொல். அங்கே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ மட்டுமே சரி. ஆனால் இது ஆங்கிலேயர் பலரும் விடும் பிழை, அதே காரணத்தால் விடும் பிழை என்று மகளிடம் சொல்லுங்கள். சிரித்த மச்சாளிடமும் சொல்லலாம்.

‘லைக் மீ’, ‘வித் மை பிரதர் அண்ட் மீ’, ‘டிஃபரன்ட் ஃப்ரொம் மீ’ ஆகியவற்றிலும் ‘மீ’யே வரும். இருவர் சேர்ந்து வரும் இடத்தில் ஐயம் வந்தால், மற்றவரை எடுத்துவிட்டு வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘வித் ஐ’ என்பது காதில் உடனே இடறும். ‘ஐ’யும் வேண்டாம் ‘மீ’யும் வேண்டாம் என்று ‘தான் மைசெல்ஃப்’ என்று எழுதித் தப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அலுவலகக் கடிதங்களில் இது மலிந்திருக்கிறது. பார்வைக்குப் பணிவாகத் தெரிந்தாலும் அது ஒரு நழுவல் என்பதே என் அபிப்பிராயம்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ போன்ற சொற்கள் ‘தான்’ என்பதை ஏற்பதில்லை. ‘டு’ என்பதையே ஏற்கும். ‘ஷீ இஸ் சீனியர் டு மீ’ என்பதே சரி. ‘சீனியர் தான் மீ’ என்பதும் ‘சீனியர் தான் ஐ’ என்பதும் ஒரேயளவு பிழை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ‘மோர் டோலர்’ என்று இரட்டித்து எழுதுவதும் அப்படியே. மகளின் அதே பக்கத்தில் ஓரிடத்தில் அது இருக்கிறது, ஆசிரியை அதையும் கவனிக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ‘மீ’யினால் போகும் புள்ளியைவிட இத்தகைய பிழைகளால் போகும் புள்ளியே அதிகமாக இருக்கும்.

முறைப்பாடு செய்யலாமா?

பிள்ளையின் விடைத்தாளைப் பார்க்கவும், புள்ளி ஏன் குறைந்தது என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பாட ஆசிரியை, பகுதித் தலைவர், அதிபர் என்ற ஒழுங்கில் கேட்டு, அதன் பிறகும் தீராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கே ஆங்கிலப் பாடத்துக்கென்று இருக்கும் அலுவலரிடம் உங்கள் கடிதம் போகும். அவர் விளக்கம் கேட்டுப் பாடசாலைக்கு எழுதுவார். ஆசிரியை எழுத்தில் பதில் கொடுக்க வேண்டி வரும். இவ்வளவும் நடந்து முடியும்போது மகள் வைத்திருப்பது, சான்றிதழ் எதிலும் ஏறாத ஒரு தவணைப் பரீட்சையின் ஓரிரு புள்ளிகளும், எஞ்சிய மாதங்களுக்கு மனம் கசந்த ஓர் ஆசிரியையுமாக இருக்கும். உரிமை இருக்கிறது என்பதற்காக இந்த இடத்தில் அதைப் பயன்படுத்த நான் ஆலோசனை கூறமாட்டேன். பொதுப் பரீட்சையின் விடைத்தாளை இந்த ஆசிரியை திருத்தப் போவதும் இல்லை. பரீட்சைத் திணைக்களம் நியமிக்கும் குழுக்கள் ஒரு புள்ளித் திட்டத்தின்படி திருத்தும். கட்டுரையில் உள்ளடக்கம், ஒழுங்கு, மொழி எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

ஆசிரியைக்கு மகளில் ஏதோ கோபம் என்று நீங்கள் ஊகிப்பதற்கும் அந்தப் பக்கத்தில் ஆதாரம் ஒன்றும் இல்லை. கோபமுள்ளவர் அம்மம்மா வாக்கியத்துக்குச் சரி போட்டிருக்கமாட்டார். நிறையக் கொப்பிகளை ஒரே இருப்பில் திருத்துபவரின் கண், வாக்கியத்தின் கருத்தை விட்டுவிட்டு, ‘தான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதை மட்டும் பார்த்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: பாடசாலை விடும் நேரத்தில், மற்றப் பெற்றோர் இல்லாத வேளையில், மகளுடன் போய் ஆசிரியையைச் சந்தியுங்கள். வெட்டிய வாக்கியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். சரி போட்ட வாக்கியத்தைக் காட்டி, ‘ரீச்சர், இவள் சொல்ல நினைச்சது அம்மம்மாவுக்குத் தன்னில விருப்பம் குறைவு எண்டு, இந்த வாக்கியம் அதைச் சொல்லுதோ?’ என்று மட்டும் கேளுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியை ஒரு கணத்தில் பிடித்துக்கொள்வார். விதியை வகுப்பில் முழுதாக விளக்கவும் கூடும். உங்கள் கணவர் அன்றைக்குப் படகிலேயே இருப்பது நல்லது. வெள்ளைக்காரர் வாதம் அந்த இடத்தில் உதவாது.

அதே கணவர் வீட்டில் வேறொரு வகையில் மிகவும் பயன்படுவார். மச்சாள் சிரித்த பிறகு வாயை மூடிக்கொண்ட பிள்ளையோடு மாலையில் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் கதைக்க அவரைப் போல ஆள் கிடைக்காது. கதைக்கும்போது பிரதிப்பெயர்களைத் திருத்த வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள். பேச்சில் ‘தான் மீ’ வந்தால் வரட்டும்.

ரியூசனைப் பொறுத்தவரை, ‘படியாதவர் பேச்சு’ என்ற ஒரு சொல்லுக்காக வகுப்பை மாற்றுவது அவசரம். அந்தச் சேரின் மற்றப் பாடங்கள் மகளுக்கு விளங்குகின்றன, வாசிப்பு முன்னேறியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை ஆண்டின் நடுவில் புதிய வகுப்பு, புதிய குறிப்புகள், புதிய முறை என்று பிள்ளையை அலைக்கழிப்பதில் நட்டமே அதிகம். சேர் மேலும் மேலும் ‘தான் ஐ’ என்றே வற்புறுத்தினால், பின்னால் ஒரு ‘ஆம்’ அல்லது ‘டூ’ சேர்த்து எழுதலாமா என்று மகள் கேட்கட்டும். மறுப்பதற்கு அவரிடம் காரணம் இருக்காது.